அவசரம் லேது

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கார்த்திகை மாதம். இரவு பெய்த தூறல் விடியும்போது நின்றிருந்தது. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பல் துலக்கி, முகம் மழித்து, மூக்குக்கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து மாட்டிக்கொண்டேன். காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தேன். மற்ற நாட்களில் இந்நேரம் புத்தூர் ஸ்டேஷனில் திருப்பதி ரயிலுக்கு நின்றுகொண்டிருப்பேன். திருப்பதியில் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு என் மனைவி தன் அடுப்புக்கும் விடுமுறை விட்டுவிடுவாள். காலைச் சாப்பாடு அண்ணியின் டிபன் கடையில்.

அண்ணி என்பவர் என் அண்ணனின் மனைவி. அண்ணன் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் ஊர் ஆந்திராவில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டின் மேலேயே இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்தில், புங்க மரத்தடியில் அண்ணியின் கடை. தகரக் கூரை, ஒரு மேடை, இரண்டு பெஞ்சு. இட்லி, பொங்கல், வடை. சட்னியில் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதைக் குறை என்று சொல்பவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்கள்.

அந்த இடத்துக்குத்தான் அப்போது ஆபத்து வந்திருந்தது. அங்கே பெத்தாயனவின் அப்பாவுக்குச் சிலை வைக்கப் போவதாக முடிவாகியிருந்தது. புங்க மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்குள் மேடையும் இரண்டு பெஞ்சும் அடங்கிவிட்டன.

பெத்தாயன என்றால் தெலுங்கில் பெரியவர். எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்களும் அவரை அப்படித்தான் சொல்கிறோம், அவர் இல்லாத இடத்திலும். ஊருக்குத் தலைவர் அவர்தான். தேர்தல் என்று ஒன்று வரும். எங்களுக்கு ஓட்டுப் போடும் வேலை இருக்காது. ஒவ்வொரு தடவையும் 'ஏகக்ரீவம்'. போட்டியில்லாமல் ஒரே மனதாக என்று அதற்கு அர்த்தம். யாராவது எதிர்த்து மனுப் போடப் போகிறார் என்று தெரிந்தால், பெத்தாயன அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். அடித்தார், மிரட்டினார் என்று யாரும் சொல்ல முடியாது. சாப்பாடு அருமையாக இருக்கும். ஆனால் மனுக் கொடுக்கும் நேரம் முடிந்த பிறகுதான் பாயசம் வரும். பாயசம் வருவதற்கு முன்னால் இலையை விட்டு எழுந்திருப்பது எப்படி? வாசலிலே நிற்கிற ஆட்களும் எழுந்திருக்க விடமாட்டார்கள்.

என் அண்ணன் இதற்கு வேறு ஓர் அர்த்தம் வைத்திருந்தார்.

"க்ரீவம்னா இன்னா தெரியுமாடா? கழுத்து. ஹயக்ரீவர்ல வருதே, அதே க்ரீவம். ஏகக்ரீவம்னா ஊருக்கெல்லாம் ஒரே கழுத்து. அது ஆடினா எல்லா தலையும் ஆடும்."

இதையும் எங்கள் வீட்டுக்குள், மிக்சி ஓடும்போது சொன்னார்.

எங்கள் ஊரில் ஆட்சியைப் பற்றி யாருக்கும் அபிப்பிராயம் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அபிப்பிராயம் எல்லாருக்கும் உண்டு. அதைக் கேட்கத் தெரிய வேண்டும். பெத்தாயன எப்படி என்று கேட்டு "பாகுந்தி", அதாவது நன்றாக இருக்கிறது, என்று பதில் வந்தால், சொன்னவர் பயந்திருக்கிறார் என்று பொருள். "பர்வாலேது, ரோடு போட்டாரு" என்றால் அவர் மனம் விட்டுப் பேசுகிறார். பெத்தாயனவின் பிறந்த நாளில் ஊர் வாட்ஸப் குழுவில் எல்லாரும் கும்பிடும் கைகளைப் போடுவார்கள். என் அண்ணன் ஒரு ரோஜாப்பூ மட்டும் போடுவார். அதையே ஒரு வாரம் ஊரில் பேசிக்கொள்வார்கள்.

சுண்ணாம்புக் கோடு போட்ட நாள் முதல், அண்ணி கடையில் இட்லி சாப்பிடுவதும் ஓர் அபிப்பிராயமாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் சிலைக்கு எதிரி என்று யாராவது போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று பலர் வருவதை நிறுத்தினார்கள். சிலர் பின்பக்கச் சந்தில் தூக்குடன் நின்று வாங்கிப் போனார்கள். பஞ்சாயத்து குமாஸ்தா பஸ்ஸுக்கு நிற்பவர் போல ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி வடை வாங்கினார். ஊரில் பயமில்லாமல், பகிரங்கமாக, தினமும் அண்ணி கடையில் டிபன் வாங்கியது பெத்தாயன வீடு ஒன்றுதான். அவர் வீட்டு அம்மாவுக்கு அண்ணியின் பொங்கல் இல்லாமல் பொழுது விடியாது.

அன்று காலை நான் பெஞ்சில் உட்கார்ந்தபோதும் பெத்தாயனவின் டிரைவர் பார்சலுக்கு நின்றுகொண்டிருந்தார். இந்த டிரைவர்தான் பெத்தாயனவின் கை, கால், வாய் எல்லாம். அதிலும் வாய் ரொம்பப் பிரபலம். யாரிடம் பேசினாலும் முதல் வார்த்தையிலேயே கேட்பவரின் தாயார் வந்துவிடுவார். ஆனால் அந்தக் கார்த்திகையில் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். கெட்ட வார்த்தை பேசக் கூடாது, எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். ஊரே அந்த நாற்பது நாளை ஒரு விடுமுறையாக அனுபவித்தது.

"சாமி, பொங்கல் பார்சல் கட்டுங்க சாமி" என்றார்.

"கட்டறேன் சாமி" என்றார் அண்ணி. "சிலை வந்தப்புறம் பொங்கலுக்கு எங்க போவீங்க சாமி? சிலையாண்டயே கேப்பீங்களா?"

டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு பிரிந்தது. மாலையைத் தொட்டுக்கொண்டார்.

"சாமி சரணம்" என்றார்.

"சரணம், சரணம்" என்று அண்ணி பார்சலைக் கொடுத்தார்.

டிரைவர் போன பிறகு அண்ணி என் இலையில் இன்னொரு இட்லி வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னிக்கி மீட்டிங்காமே தம்பி. நீ வர்றியா?"

"வர்றேன் அண்ணி."

"வந்து இன்னா பேசுவ?"

"பேசறதுக்கு இன்னா இருக்கு? உக்காந்துக்கினு இருப்பேன்."

"உக்கார்றதுக்கு நம்ம பெஞ்சே இருக்குதே" என்றார். பிறகு, "இன்னிக்கி வரைக்கும்தான் இருக்கும்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வடைச் சட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கூட்டம் எதற்கென்றால், ரோட்டோரத்தில் சிலை வைப்பதற்கு ஊராரின் சம்மதத்தைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். அதற்கு ஓர் அதிகாரி வருகிறார். இது வெறும் சடங்கு என்று எல்லாருக்கும் தெரியும். இப்படிப்பட்ட கூட்டங்களில் கேள்வி கேட்பார்கள், நாங்கள் சும்மா இருப்போம், டிரைவர் முதலில் கை தட்டுவார், நாங்கள் பின்னால் தட்டுவோம். அதுதான் சம்மதம்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் கூடினோம். அண்ணி கடையை மூடிவிட்டு வந்து தூணோரம் நின்றார். அண்ணன் தறிக்கு லீவு சொல்லியிருந்தார். பெத்தாயன வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியில் அமர்ந்து, வருகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அதிகாரி. இளம் பெண், ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் ஊர் வழக்கமும் தெரியாது.

அவர் மைக்கை வாங்கிக்கொண்டு, தெளிவான தெலுங்கில், சிரித்த முகமாகக் கேட்டார்:

"இக்கட ஈ விக்ரஹம் அவசரமா? மீ அபிப்பிராயம் செப்பண்டி."

நாங்கள் சும்மா இருந்தோம். டிரைவர் தட்டுவதற்காகக் கைகளைத் தூக்கினார். ஆனால் அதிகாரி கையமர்த்திவிட்டார். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முன்வரிசையில் கழுத்தில் அளவு டேப்புடன் உட்கார்ந்திருந்த ஒருவரைச் சுட்டி, "மீரு செப்பண்டி", நீங்கள் சொல்லுங்கள், என்றார்.

அவர் எங்கள் ஊர்த் தையல்காரர். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து இங்கே பெண் கட்டி, மாமனார் வீட்டோடு தங்கிவிட்டவர். அதனால் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை. தெலுங்கு தனக்குத் தெரியும் என்று அவர் நம்புகிறார். எங்களுக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவசரம் என்ற சொல் இரண்டு மொழியிலும் இருக்கிறது. தமிழில் அதற்கு உடனடி என்று பொருள். தெலுங்கில் தேவை என்று பொருள். இந்தச் சிலை இங்கே தேவையா என்றுதான் அதிகாரி கேட்டார். மாப்பிள்ளையின் காதிலோ, இந்தச் சிலை அவசரமா என்று விழுந்தது. தையல்காரர் வாழ்க்கையில் அந்தச் சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? துணி கொடுக்கிறவர்கள் எல்லாரும் அவசரம் என்பார்கள். அவர் அவசரமில்லை என்று சமாதானம் சொல்வார். பயந்துகொண்டே எழுந்தவருக்கு, தினமும் பதில் சொல்கிற கேள்வியே வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அவசரம் லேது மேடம்" என்றார், கணீரென்று. பிறகு தமிழில், "நிதானமா செஞ்சா நல்லா வரும்" என்று சேர்த்தார். அதிகாரிக்குப் புரிந்தது முதல் பாதி மட்டும்.

பெத்தாயனவின் எதிரிலேயே ஒருவர் எழுந்து நின்று சிலை தேவையில்லை என்று சொல்லிவிட்டார், சொன்னது தெரியாமலே. மாப்பிள்ளை உட்கார்ந்து டேப்பைச் சரிசெய்துகொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் என் அண்ணன்.

அண்ணனுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. நகரியில் தெலுங்கு முதலாளியிடம் தெலுங்கிலேயே சண்டை போடுகிறவர். அவர் எழுந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தூணோரம் நின்ற அண்ணியைப் பார்த்தார். எதுவும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"அவுனு மேடம். அவசரம் லேது" என்று ஆமோதித்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. தெலுங்கில் சொன்னால் அது எதிர்ப்பு. யாராவது பிடித்துக் கேட்டால், தமிழில் சொன்னோம், மெதுவாகச் செய்யலாம் என்றுதான் சொன்னோம். ஒரே சொல்லுக்கு முன்வாசலும் உண்டு, கொல்லை வாசலும் உண்டு. ஊர் அப்படி ஒரு சொல்லைத்தான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

அதன் பிறகு அதிகாரி யாரையும் சுட்ட வேண்டியிருக்கவில்லை. பால் சொசைட்டிக்காரர் எழுந்தார்: "அவசரம் லேது." பூ விற்கிற அம்மா தனக்கும் அப்படித்தான் என்றார்: "நாக்கு கூட அவசரம் லேது தாயி." தூக்குடன் சந்தில் நின்றவர்கள், வராமலே இருந்தவர்கள், எல்லாரும். பஞ்சாயத்து குமாஸ்தா அங்கேயும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நானும் எழுந்து சொன்னேன். சொன்னபோது அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, இருமலாக்கி அடக்கினேன். நடுவயதில் பள்ளிக்கூட வராந்தாவில் அப்படிச் சிரிப்பை அடக்குவேன் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

டிரைவரால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், காது மேடம்" என்று, அப்படியில்லை எனக் கையாட்டிக்கொண்டே ஓடி வந்தார். "சாமிலு தப்பா செப்தாரு. அரவத்துல, தமிழ்ல, அவசரம்னா வேற மேடம். அவசரம்னா, அவசரம்." தெலுங்கும் தமிழும் குழம்பி, வழக்கமாகக் கைகொடுக்கும் வார்த்தைகள் எதையும் பயன்படுத்த முடியாமல், அவர் மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். குழப்பம் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல அதிகாரி, குழப்பத்தைத் தீர்க்க நினைத்தார். அப்படியானால் எளிமையாகவே கேட்டுவிடுகிறேன் என்று தெலுங்கில் சொன்னார். காவாலா, வத்தா? வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லப்போனார்.

இப்போது கொல்லை வாசல் அடைபட்டது. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் இரண்டு அர்த்தம் கிடையாது. அண்ணி தூணை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் தரையைப் பார்த்தோம். இன்னும் அரை நிமிடத்தில் அந்த டிபன் கடை இருக்கும், அல்லது போகும்.

பேசியது பெத்தாயன.

"மேடம்" என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். "அந்த கேள்வி எந்துக்கு? ஊரு சொல்றதுதான் நானும் சொல்றேன். நேனு கூட அதே அண்டானு. அவசரம் லேது."

நான் அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். புத்திசாலி மனிதர். ஒரே மனதாக ஆள்கிறவர், எத்தனை பேர் வேண்டும் என்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஒருநாளும் விடமாட்டார். எங்களுக்குக் கையைத் தூக்கப் பயம். எத்தனை கை உயராமல் மடியிலேயே இருக்கும் என்று அவருக்குப் பயம். எங்களைக் காப்பாற்றிய அதே சொல்லுக்குள் அவரும் தலையைக் குனிந்து நுழைந்துகொண்டார். உள்ளே எல்லாருக்கும் இடம் இருந்தது.

அதிகாரிக்கு நிம்மதி. "அயிதே ஏகக்ரீவங்கா அவசரம் லேது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஏகக்ரீவம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டிரைவரின் கைகள் பழக்கத்தில் தானாகத் தட்டிவிட்டன. நாங்களும் தட்டினோம். அவ்வளவு பலமாக அந்த ஊரில் யாருக்கும் கை தட்டியதில்லை.

சாயங்காலம் பெத்தாயன மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார். கூட்டத்தில் நடந்தது என்னவென்று மாப்பிள்ளைக்கு அதற்குள் யாரோ விளக்கியிருந்தார்கள். கழுத்து டேப்பைக்கூடக் கழற்றாமல் போனார். நானும் அண்ணனும் அவர் தையல் கடை வாசலில் காத்திருந்தோம். திரும்பி வரும்போது கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது.

"இன்னாச்சு மாப்ளே?" என்றார் அண்ணன்.

"உக்காரச் சொன்னாரு. நீ இன்னாடா சொன்னேன்னாரு. மெதுவா செய்யலாம்னுதான் ஐயா சொன்னேன்னேன். அப்பால உள்ள போயி இந்த துணிய எடுத்தாந்து, சட்டை தைன்னாரு. அளவு எடுத்தேன்." மாப்பிள்ளை பொட்டலத்தை மறு கக்கத்துக்கு மாற்றினார். "அப்ப வாய் தவறிட்டேன் மாமா."

"இன்னா சொன்ன?"

"எப்பவும் கேக்கறதுதான். அவசரமா ஐயான்னு கேட்டுட்டேன்."

அண்ணன் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாருன்னுதான் நெனைக்கிறேன். மீசை ஆடிச்சு. போடான்னாரு."

பெத்தாயனவின் ஆட்சி அதனால் ஒன்றும் அசைந்துவிடவில்லை. அவர் இன்றும் பெத்தாயனதான். சிலை செய்து வந்து, அவருடைய மாந்தோப்பில், அவருடைய சொந்த நிலத்தில், கிழக்குப் பார்த்து நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் கோட்டை அந்த வாரமே மழை அழித்தது.

அன்று இரவு எட்டு மணி வரையில் அண்ணி வீட்டு வாசலில் ஆள் நடமாட்டம். யாரும் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "நாளைக்கி பொங்கல் எடுத்து வெய்யி", "எனக்கு வடை ரெண்டு, பெஞ்சிலயே உக்காந்து துன்னுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் எங்கள் ஊர் பேசுகிற முறை. ஒரு மாதமாகப் பாதி அளவே அரைத்துக்கொண்டிருந்த அண்ணி, மத்தியானமே முழு அளவு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்தார். கிரைண்டர் வெகுநேரம் ஓடியது. பெரிய பாத்திரத்தைப் பரண்மேலிருந்து இறக்கப் பொறுமையில்லாமல், சின்னப் பாத்திரத்திலேயே விளிம்பு வரை மாவை வழித்து வைத்தார்.

மறுநாள் புதன். ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை, முகம் மழிக்கவில்லை. அதற்குள் அண்ணன் வந்து தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். இரவெல்லாம் மாவு பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி, திண்டில் வழிந்து, தரையில் அடுப்பங்கரை வாசல் வரைக்கும் வந்திருந்தது. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்று, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். முதல் வேலையாக, நானும் அண்ணனும் ஆளுக்கொரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு குனிந்து தரையைத் துடைத்தோம்.